கடற்காற்றுக்கும் மாரிக்கும் ஈடுகொடுக்கும் பிளாஷிங்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

உப்புவெளியில் என் மாமி வீட்டு முன்பத்தி ஆறு மாரிக்கு ஒழுகியது. பழைய கல்வீடு. பின்னாளில் முன்சுவரோடு ஒட்டிச் சாய்வாக இறக்கிய சீற் பத்தி. ஒவ்வொரு புரட்டாதியிலும் ஒரு மேசன் பாஸ் வருவார், சீற்றும் சுவரும் சந்திக்கும் மூலையில் சீமெந்தைக் குழைத்து அப்பிவிட்டுப் போவார். ஐப்பசியின் முதல் மழைக்கு ஒன்றும் தெரியாது. கார்த்திகையில் வாடை திரும்பியதும் அதே இடத்தில் வாளி வைக்க வேண்டிவரும். ஒரு வருஷம் சீமெந்துக்குப் பதில் சிலிகன். "தம்பி, இது அடிச்சா இனி ஒண்டும் வராது" என்றார் பாஸ். வந்தது.

ஏழாவது வருஷம் நானே ஏணி வைத்து ஏறினேன். அப்பிய சீமெந்துக்கும் சீற்றுக்கும் நடுவே நகம் நுழையும் அளவில் ஒரு வெடிப்பு, பத்தியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. இதில் பாஸின் கைப்பிழை எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் சீற் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும், விடியப்புறம் 25க்கு இறங்கிவிடும். 4 மீற்றர் நீள இரும்புச் சீற் அந்த வித்தியாசத்துக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். சுவர் அசையாது. நடுவில் அப்பிய சீமெந்து கிழியாமல் என்ன செய்யும்?

அந்த இடத்துக்குத் தேவைப்பட்டது மடித்த ஒரு தகடு. அதுதான் பிளாஷிங். கூரையும் சுவரும், கூரையும் கூரையும், சுவரும் யன்னலும் சந்திக்கிற இடங்களில் தண்ணீரை ஏந்தி வெளியே தள்ளிவிடும் தகரம். கிடுகு வேய்ந்த காலத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கீழே இருந்து தொடங்கி மேலே போவார்கள். மேல் கிடுகு கீழ்க் கிடுகின் மேல் ஏறி நிற்கும். ஒட்டும் பசை எதுவும் இல்லாமலே மழை இறங்கி ஓடிவிடும். பிளாஷிங்கும் அதே கணக்குத்தான். சிலிகனை மட்டும் நம்பி நிற்கும் மூட்டு இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஒழுகும்.

எந்தத் தகடு?

திருகோணமலையில் இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கண்டியில் பத்து வருஷம் நிற்கிற தகடு டச் பே பக்கம் அப்படி நிற்குமென்று எதிர்பார்க்கக் கூடாது. வாடைக்காற்று கடலில் இருந்து உப்பை வாரிக்கொண்டு நேராக வந்து சுவரில் அடிக்கிறது. திருக்கடலூர், சல்லி, நிலாவெளி என்று கரையோரம் முழுக்க இதே கதைதான். பாலையூற்று, கன்னியா என்று உள்ளே போகப் போக உப்பு குறையும்.

சாதாரண கல்வனைஸ் தகரம் மலிவு, மடிக்கச் சுகம். ஆனால் கடலுக்கு அருகில் அதன் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் தீர்ந்து, வெட்டிய ஓரத்தில் இருந்து செந்துரு கிளம்பும். கடலை விட்டு உள்ளே தள்ளிய இடங்களில் பெயின்ற் அடித்துப் பாவிக்கலாம். கடற்கரை வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சிங்க்-அலும் தகட்டின் பூச்சில் 55 வீதம் அலுமினியம், 43 வீதத்துக்குச் சற்று மேல் துத்தநாகம், மீதி கொஞ்சம் சிலிக்கன். கல்வனைஸைவிட நன்றாகத் தாங்கும். நிறம் பூசியது இன்னும் நல்லது. பெரும்பாலான வீடுகளின் கூரைச் சீற்றும் இந்த இனம்தான் என்பதால் பிளாஷிங்கையும் அதிலேயே மடிப்பது பொருந்தும். மாமி வீட்டுக்கு 0.47 மில்லிமீற்றர் தடிப்பில் எடுத்தோம். அதைவிட மெல்லியதை எடுத்தால் காற்றில் படபடக்கும்.

அலுமினியம் செந்துருப் பிடிக்காது, கடலோரத்துக்கு ஏற்றது. ஆனால் வெயிலுக்கு இரும்பைப்போல இரு மடங்கு நீளும், ஆகவே நீளத் துண்டுகளை இறுக்கி அடித்துவிடக் கூடாது. செம்பும் ஈயமும் நூறு வருஷம் நிற்கக்கூடியவை. விலையைக் கேட்டால் நமக்கே நெஞ்சு அடைக்கும். ஈயத்தில் இருந்து வடியும் தண்ணீரைக் கிணற்றுக்கோ குடிதண்ணீர்த் தாங்கிக்கோ விடவும் கூடாது. துருப்பிடிக்காத உருக்கில் 316 என்ற வகைதான் கடற்காற்றுக்கு உரியது. 304இல் தேநீர்க் கறைபோலப் பழுப்புப் படியும்.

அடுத்தது, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது. செம்பில் பட்டு வரும் தண்ணீர் சிங்க்-அலும் மேலோ அலுமினியத்தின் மேலோ ஓடினால் ஓடிய கோட்டிலேயே ஓட்டை விழும். செம்பிலே கூரை போடுகிறவர் இங்கே யார் என்று கேட்பீர்கள். ஏசி பெட்டியின் உள்ளே இருக்கிற குழாய் செம்புதான். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் ஏசித் தண்ணீரைக் கீழ்ப் பத்திச் சீற்றின் மேல் சொட்ட விட்டிருப்பதைப் பாருங்கள், சொட்டுகிற இடத்தில் மட்டும் சீற் வெளிறிப் பொரிந்து கிடக்கும். ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாயால் அந்தத் தண்ணீரை நிலத்துக்கு இறக்கிவிட்டால் தீர்ந்தது. ஈயத்தையும் சிங்க்-அலும் மேல் வைக்கக் கூடாது. ஈரச் சீமெந்து அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். தகடு சுவரைத் தொடும் பக்கத்தில் ஒரு பூச்சுத் தார் பெயின்ற் அடித்துக் காயவிட்டுப் பிறகுதான் பொருத்த வேண்டும்.

எங்கே எது?

கூரையின் மேல்முனை சுவரில் முட்டுகிற இடத்துக்குச் சுவர் பிளாஷிங். மாமி வீட்டுப் பத்திக்கு வேண்டியது இதுதான். கூரையின் பக்கவாட்டு ஓரம் சுவரோடு சாய்வாக ஏறினால், ஓட்டுக் கூரைக்குப் படிப்படியாகச் சிறு துண்டுகள்: ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் ஒன்று, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறி. சீற் கூரைக்கு நீளத் துண்டு போதும், ஆனால் அது குறைந்தது இரண்டு மேட்டு வரிகளையாவது தாண்டிப் படிய வேண்டும். சாய்வு முடிகிற கீழ்மூலையில் தண்ணீரைச் சுவரை விட்டு வெளியே, பீலிக்குள் திருப்பிவிடும் சிறு காது ஒன்று வைக்க வேண்டும். இதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். வீட்டு மூலையில் நீளமாகப் பாசி படிந்த கோடு கண்டால் அந்தக் காது இல்லை என்று அர்த்தம்.

இரண்டு கூரைகள் உள்மூலையில் சந்திக்கும் பள்ளத்துக்கு இரண்டடி அகலத் தகடாவது வேண்டும். இரு பக்க ஓட்டுக்கும் நடுவே கை வைத்துத் துடைக்கிற அளவு, நாலைந்து அங்குலம் திறந்திருக்கட்டும். வேப்பஞ்சருகு, முருங்கை இலை, காகம் கொண்டுவந்து போடும் மீன்முள் எல்லாம் அங்கேதான் போய் அடையும். பள்ளத்தின் நடுவில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஓரத்தைச் சிறிது மேலே மடித்து, மடித்த தகரக் கொக்கிகளால் பிடிக்க வேண்டும்.

முகட்டுக்கு முகட்டுத் தகடு, பக்க விளிம்புக்கு விளிம்புத் தகடு. காற்று முதலில் கிளப்புவது இந்த விளிம்பைத்தான். விளிம்பு கிளம்பினால் பின்னால் சீற் வரிசையாக உரியும். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நம் கரைக்கு வந்தது நினைவிருக்கும். 1964 புயலைக் கண்ட கிழவர்கள் இன்னும் அதையே பேசுவார்கள். ஆகவே விளிம்பில் மட்டும் ஸ்க்றூவை ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கிப் போடுங்கள், கூரைப் பக்கமும் வேண்டும், கூரை ஓரத்தில் அடிக்கும் வலன்ஸ் பலகைப் பக்கமும் வேண்டும்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் தலைக்கு ஒரு தொப்பித் தகடு போட்டால் சுவரின் பெயின்ற் இரண்டு மடங்கு காலம் நிற்கும் என்பது என் அனுபவம். தொப்பி உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இரு பக்கமும் சுவரைவிட ஒன்றரை அங்குலம் வெளியே நீண்டு, நுனி சற்று வெளிப்புறம் மடிந்திருந்தால் தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிடும். யன்னல் தலைக்கும் இதே போல ஒரு சிறு தகடு. மேலே நிழல்மறைப்பு இருக்கிற யன்னலுக்குக் கட்டாயமில்லை. கூரையைத் துளைத்து வரும் குழாய்க்கு றபர் காலர் விற்கிறார்கள், அதையே வாங்குங்கள், தகரத்தில் செய்ய மினக்கெட வேண்டாம்.

சமையலறைப் புகைக்கூடுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். நாலு பக்கமும் தகடு வேண்டும், நாலும் வேறு வேறு வடிவம். கீழ்ப்பக்கத் துண்டை முதலில் வைத்து, பிறகு இரு பக்கத் துண்டுகள், கடைசியாக மேல்பக்கம். ஒழுகுவது எப்போதும் மேல்பக்கம்தான், ஏனென்றால் கூரையில் இருந்து இறங்கும் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து முட்டி நிற்கும். புகைக்கூடு இரண்டு இரண்டரை அடியைவிட அகலமென்றால் அதன் முதுகில் சிறு கூரைபோல ஒரு மேடு கட்டித் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துவிட வேண்டும்.

சுவர் பிளாஷிங் போடும் விதம்

மற்ற எல்லாமே இதன் பேரன் பேத்திகள் என்பதால் இதை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் ஒழுக்கு எங்கே என்று உறுதிசெய்யுங்கள். ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கீழே இருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்துக்குப் பத்து நிமிஷம், உள்ளே ஓர் ஆள் டோர்ச்சோடு. மேலே இருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரம் நனைந்து எது எதுவென்று தெரியாது. மாமி வீட்டில் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று சீற்றின் முனை, மற்றது சுவரிலேயே ஒரு வெடிப்பு. வெடிப்பை விட்டுவிட்டுத் தகடு மட்டும் போட்டிருந்தால் தகட்டின் மேல் பழி விழுந்திருக்கும்.

பிறகு அளவு. ஒரே துண்டில் வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு துண்டு வேண்டும். கீழ்த் துண்டு சுவரில் 6 அங்குலம் ஏறி, சீற்றின் மேல் 8 அங்குலம் படியும். நுனியில் அரை அங்குலம் திருப்பி மடிப்பு. மேல் துண்டு சுவருக்குள் 1 அங்குலம் நுழைந்து, வெளியே 4 அங்குலம் கீழே தொங்கிக் கீழ்த் துண்டின் மேல்நுனியை மூடும். அதன் நுனியிலும் அரை அங்குலம். கூட்டினால் பதினாலரையும் ஐந்தரையும், 20 அங்குலம். இரண்டடி அகலத் தகட்டில் இரண்டும் அடங்கும். சாய்வின் கோணத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், ஒரு கட்டி மட்டையை மடித்துச் சுவரிலும் சீற்றிலும் பொருந்தப் பிடித்து, அந்த மட்டையையே தகரம் மடிக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். வாயால் சொன்ன கோணத்துக்கும் மடித்து வந்த கோணத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அளவைத் தகட்டில் குறிக்கப் பென்சில் வேண்டாம். பென்சில் கரி சிங்க்-அலும் பூச்சை அரிக்கும். மார்க்கர் பேனை பாவியுங்கள்.

ஏன் இரண்டு துண்டு? கீழ்த் துண்டு கூரையோடு அசையும், மேல் துண்டு சுவரோடு நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும், எதுவும் கிழியாது. ஆறு வருஷமாகச் சீமெந்துக்குக் கிடைக்காத சுதந்திரம் அதுதான். ஆகவே கீழ்த் துண்டை ஸ்க்றூ போட்டுச் சுவரோடும் கூரையோடும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். கூரையில் மட்டும் பிடியுங்கள்.

பொருத்துவதற்கு முன் சீற்றின் மேல்முனையைப் பாருங்கள். பள்ள வரிகளின் முனையை இடுக்கியால் பிடித்து மேல்நோக்கி வளைத்துவிட வேண்டும், ஒவ்வொரு பள்ளத்தையும். கவனமாக, கிழிபடாமல். வாடைக்காற்று பெருமழையைச் சாய்வில் மேல்நோக்கித் தள்ளும். வளைத்த முனை இல்லாவிட்டால் தகட்டுக்கு அடியால் ஏறி உள்ளே விழும். எனக்கு ஒரு பத்தி முழுவதற்கும் ஒரு மணித்தியாலம் பிடித்தது, விரல் வீங்கியது, ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் மீதி வேலைக்குப் பலனில்லை. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் வளைக்க முடியாது. அங்கே தகட்டைச் சீற்றின் மேல் இன்னும் அதிக தூரம் இறக்குங்கள். அஸ்பெஸ்டஸைத் துளைக்க நேர்ந்தால் நனைத்துவிட்டுக் கைத்துறப்பணத்தால் மெதுவாகத் துளையுங்கள், முகமூடியோடு. கிரைண்டரைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் இருபது முப்பது வருஷம் கழித்துப் பழிவாங்கும்.

சுவரில் தவாளிப்பு வெட்டுவது அடுத்தது. கீழ்த் துண்டின் மேல்நுனிக்கு இரண்டு அங்குலம் கீழே தொங்கும்படி மேல் துண்டின் இடத்தைக் கணக்குப் பண்ணி, நூல் பிடித்துக் கோடு போட்டு, கிரைண்டரில் வைரத் தட்டு மாட்டி 1 அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். பூச்சை மட்டும் வெட்டினால் போதாது, கல்வரை போக வேண்டும். இல்லாவிட்டால் பூச்சுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர் தகட்டுக்கும் பின்னாலேயே இறங்கிவிடும். துளையுள்ள புளொக் கல் சுவரென்றால் ஆழத்தை மீறவே கூடாது, முடிந்தால் கல்லிடைச் சாந்துக் கோட்டிலேயே வெட்டுங்கள். வெட்டும்போது கீழே சீற்றை ஒரு பழைய படங்கால் மூடி வையுங்கள்.

கிரைண்டர் சுவருக்கு மட்டும். தகட்டை வெட்டத் தகரக் கத்தரி. கிரைண்டர் நெருப்புப் பொறி பூச்சைச் சுட்டுவிடும், பறக்கும் இரும்புத்தூள் அடுத்த சீற்றில் ஒட்டி இரண்டு நாளில் சிவப்புப் புள்ளி புள்ளியாய்ப் பூக்கும். துளையிட்ட தூளும் அப்படித்தான். அன்றன்றைக்கே மென்மையான தும்புத்தடியால் கூட்டித் தள்ளுங்கள்.

துண்டுகளை எந்தப் பக்கம் இருந்து அடுக்குவது? வாடை வடகிழக்கில் இருந்து வரும். எனவே தெற்கு அல்லது மேற்குப் பக்க முனையில் தொடங்கி, அடுத்த துண்டை அதன் மேல் ஆறு அங்குலம் ஏற்றி வைத்துக்கொண்டு காற்றை நோக்கிப் போங்கள். மூட்டின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மூட்டுக்குள் இரண்டு கோடு சிலிகன் இழுத்து, அலுமினிய றிவிற்றால் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பிடியுங்கள். சிலிகன் வாங்கும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள்: வினாகிரி மணம் அடிக்கிற வகை உலோகத்தை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான்.

கீழ்த் துண்டின் ஓரத்தைச் சீற்றின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வெட்டி இறக்கி, மேட்டு வரிகளின் மேல் றபர் வாசருள்ள ஸ்க்றூவால் பிடியுங்கள். றபர் சற்றே பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் றபர் வெடிக்கும். கடைசியாக மேல் துண்டைத் தவாளிப்புக்குள் நுழைத்து, ஓர் அடிக்கு ஒன்றாக மடித்த அலுமினியத் துண்டுகளை ஆப்பாக அடித்து, வாயை நியூட்ரல் சிலிகனால் நிரப்புங்கள். அந்த இடத்தில் பாஸ் பழக்கதோஷத்தில் சீமெந்துக் கரண்டியைத் தேடுவார். தடுத்துவிடுங்கள்.

எப்போது செய்வது, பிறகு என்ன?

நம் ஊர் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் நடுவே கொட்டுகிறது. வேலையை ஆவணிக்கும் புரட்டாதி நடுவுக்கும் இடையில் முடிப்பது நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது பத்தடித் தகட்டை ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறுவது விளையாட்டல்ல, தகடு ஆளையே இழுத்துக்கொண்டு போகும். வெயில் சாய்ந்த பிறகு சிலிகன் அடியுங்கள். நண்பகல் தகட்டில் அடித்தால் ஒட்டுவதற்கு முன்னே மேலே தோல் பிடித்துவிடும்.

மழை படும் இடம் தானாகவே கழுவுப்படும். இறவாரத்துக்கு அடியிலும் தொப்பித் தகட்டின் கீழ் மடிப்பிலும் உப்பு அப்படியே படிந்து கிடக்கும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். மாதம் ஒருமுறை ஹோஸ் பைப்பால் கழுவிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் பாவியுங்கள். நிலாவெளிப் பக்கம் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்புக்கு மேல் உப்பு. வருஷத்துக்கு ஒரு முறை ஏறி, துருத் தலை காட்டும் ஸ்க்றூவைக் கழற்றிப் புதிது போடுங்கள், அதே ஓட்டையில், ஒரு நம்பர் பெரிது. ஏறும்போது றபர் செருப்போடு, சலாகை இருக்கிற ஸ்க்றூக் கோட்டில் மட்டும் கால் வையுங்கள். பிளாஷிங்கின் மேல் கால் வைக்கவே கூடாது. மாமி வீட்டில் போன வருஷம் தேங்காய் பறிக்க வந்தவர் மிதித்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் இன்னும் இருக்கிறது, மழைக்குத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கிறது. இந்தப் புரட்டாதிக்குள் அந்த ஒரு துண்டைக் கழற்றி மாற்ற வேண்டும்.